இருபத்திரண்டு பனியன்கள்

ஆடி முடிய ஆறு நாள்.
அரசரடி மைதானத்தில் முப்பத்தொரு பேர் ஓடுகிறார்கள்.
லீக்குக்கு இருபத்திரண்டு பேர்தான்.
மிச்ச ஒன்பது பேரை
இரவெல்லாம் நாங்கள் கழித்துக்கொண்டிருக்கிறோம்,
பருத்திப்பால் வண்டியைச் சுற்றி நின்று,
டம்ளர் சூடு ஆறும்வரை ஒருவனை,
ஆறியபின் இன்னொருவனை.

"சோணைமுத்த நிப்பாட்டிருவாய்ங்க,
மூணு மாசமா முழங்கால் மடங்கல"
என்றார் ஆட்டோ காஜா.
"மடங்காத கால வச்சுத்தான போன வருசம்
திண்டுக்கல்காரன் வலையக் கிழிச்சான்?"
இது மின்சார மீட்டர் பார்க்கும் இருதயராஜ்.

கோல்கீப்பர் செல்வின் பேச்சு வந்ததும்
எல்லோருக்கும் சிரிப்பு.
வைகாசியில் கல்யாணம், மாமியார் வீடு மேலூர்,
விருந்து இன்னும் வயிற்றை விட்டு இறங்கவில்லை.
"ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்பாய்ங்க.
அம்மி பறந்தாலும் இவன் பறக்க மாட்டாம்ப்பா
வலது மூலைக்கு."

பிறகு எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.
டவுன்ஹால் ரோட்டுச் சந்தில்
பனியனுக்கு எண் அடிப்பவன் நான்.
ஆர்டர் வந்துவிட்டதை
என் நகக்கண் மஞ்சள் மை காட்டிக் கொடுத்தது.
"துளசி, யார் யார் பேரு?"
பேர் இல்லை. சத்தியமாக இல்லை.
கோச்சின் கோணல் எழுத்தில் அளவு மட்டும்:
மீடியம் பன்னிரண்டு, லார்ஜ் எட்டு,
டபுள் எக்ஸ்எல் ஒன்று, ஸ்மால் ஒன்று.

வாய் தவறிச் சொன்னேன். அது போதும்.
"டபுள் எக்ஸ்எல்லா? அப்ப செல்வின் தப்பிச்சான்!"
காஜா தலையில் கை வைத்தார்.
இருதயராஜ் கரண்ட் பில்லின் பின்னால்
ஒவ்வொருத்தன் மார்பையும் நினைவால் அளந்தார்,
தோள், முதுகு, துவைத்தால் சுருங்குமா என்பதுவரை.
கழுத்தில் டேப் தொங்கும் நான்கூட
இத்தனை உடம்புகளை அறிந்ததில்லை.

ஸ்மால் ஒன்று என்பதை யாரும் தொடவில்லை.
ஸ்மால் போடுகிறவர்கள் இரண்டு பேர்.
ஒச்சப்பன், கருமாத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவன்,
இடது கோட்டை ஒட்டி ஓடினாலும் சுண்ணாம்பு கலையாது.
நெல்பேட்டை நியாஸ்,
எதிராளியிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் சிரிப்பான்,
சிரித்து முடிக்குமுன் தாண்டியிருப்பான்.
எழுபதாவது நிமிடம் ஒருவன் வெளியே வர
ஒருவன் உள்ளே போவான்,
கோட்டில் கையோடு கை தட்டிக்கொள்வார்கள்.
இரண்டு வருடமாய் அந்தச் சத்தம்
கேலரி வரைக்கும் கேட்கும்.

வண்டிக்காரர் அடுப்பை அணைத்தார்.
"ஒண்ணு சேத்து அடிச்சுரு துளசி,
யாருக்குத் தெரியப்போகுது" என்றார் யாரோ.
யாரும் சிரிக்கவில்லை.

கடையைத் திறந்து விளக்கைப் போட்டேன்.
ஸ்மாலில் பதினொன்று.
சூட்டுத் தட்டை இறக்கி
இருபது வரை எண்ண வேண்டும்.
பதினேழில் போன். கோச்.
"துளசிராம், அந்த டபுள் எக்ஸ்எல்ல
நம்பர் போட்டுறாத. அது எனக்கு."
அப்படியானால் ஒன்பது இல்லை, பத்துப் பேர்.
"சார், ஸ்மாலு..." என்று இழுத்தேன்.
எங்கோ ஒரு லாரி ஹாரன், அப்புறம்,
"ஒண்ணுதான்ப்பா."

எண்ணிக்கை விட்டுப்போயிற்று.
தட்டைத் தூக்கினால்
இரண்டாவது ஒன்றின் கால் லேசாகக் கருகியிருந்தது.
எவன் போட்டாலும் தெரியும்.

மறுபடி போன் முனகியது. இருதயராஜ்:
"துளசி, தூங்கிட்டியா?
லார்ஜ் எட்டா, ஏழா?
நல்லா யோசிச்சுச் சொல்லு."