எட்டாவது டப்பா

வெட்டிய தண்டை உடனே நடக் கூடாது.
மூன்று நாள் நிழலில், பழைய செய்தித்தாளில்
காயம் காய்ந்து தோல் கட்ட வேண்டும்.
அவசரப்பட்டால் அழுகும்.
டிசம்பர் பிறந்தால் என் சமையல் மேசை
அறுவை முடிந்தவர்கள் படுத்திருக்கும் வார்டு.

நபபீப்பில் செம்புச் சுரங்கம் மூடிய பிறகு
பரிசைக் கடையில் வாங்குகிறவர்கள் குறைவு.
எனக்குப் பெட்ரோல் பங்க்கில் இரவு வேலை.
மத்தி மீன் டப்பாக்கள்,
ஓட்டை விழுந்த எனாமல் கெட்டில்,
யாரோ குப்பையில் போட்ட சுரங்கத் தொப்பி.
அடியில் ஆணியால் நாலு துளை,
சல்லி, ஆற்றுமணல், ஒரு பிடி மண்.
செடிகள் என் கொல்லையில் தாமாகப் பெருத்தவை.
மலையிலிருந்து ஒரு இலைகூட இல்லை.

நர்ஸ் டெல்மரிக்குப் பன்றிக்காதுச் செடி.
சாம்பல் பூத்த இலை, ஓரத்தில் சிவப்புக் கோடு;
அவள் லிப்ஸ்டிக்கும் அப்படித்தான்,
வரம்பு தாண்டாது.
எனக்காகப் பேருந்தை ஆறு நிமிடம் நிறுத்திவைத்த ஃபானஸுக்கு
ஸ்பெக்பூம். மறந்தாலும் சாகாது.
அவன் மறப்பான்.

எதிர்வீட்டு ஓக்ஹெய்ஸ் அம்மாளிடம் மட்டும் மன்றாடினேன்:
தண்ணீர் வேண்டாம். பாசம் பொங்கினால்
வேறு எதன்மேலாவது ஊற்றுங்கள்.
போன வருடத்துச் செடியை
தினமும் குளிப்பாட்டி ஈஸ்டருக்குள் கொன்றுவிட்டார்.
அழுதுகொண்டே டப்பாவைக் கழுவித் திருப்பித் தந்தார்.
அதே டப்பாதான் இந்த வருடமும்.

ஏழு முடிந்து எட்டாவதில் மணல் போடும்போது
சித்தி மகன் டிர்க்கி வந்தான், பின்வாசல் வழியாக.
நகக்கண்ணில் மலை மண்.
பையிலிருந்து ஒரு காலுறையை எடுத்து அவிழ்த்தான்.
நூறு இருக்கும். விரல் நுனி அளவு.
கால்விரல் என்றுதான் சொல்வோம் அதை.
வெங்கச்சங்கல் சரிவில், வெள்ளைக்கு நடுவே
குனிந்து தேடினால்தான் தென்படும்.
அவன் குனிந்திருக்கிறான், பல இரவு.

போனைக் காட்டினான். ஒன்றுக்கு இவ்வளவு.
வாங்குகிறவனுக்கு முகம் இல்லை,
பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி.
"உனக்கு ஒன்று, சார்லின்.
மத்தி டப்பாவுக்கும் கொஞ்சம் விலை வரட்டும்."

அவன் வீட்டில் மின்சாரம் நின்று மூன்று வாரம்.
சொல்ல வந்தது தொண்டையில் நின்றது.
ரொட்டி அறுத்துக் கொடுத்தேன்.
தின்றான், போனான்.
மேசையில் அது.

யாருக்கும் கொடுக்க முடியாது.
காவல் நிலையத்தில் கொடுத்தால் பெயர் கேட்பார்கள்.
மலைக்கே கொண்டுபோகலாம்,
வழியில் பையைச் சோதித்தால்
கள்ளி நான்தான்.

கோடையில் அது தன் தோலையே தாளாக்கி
தன்னைச் சுற்றிக்கொள்ளும்.
பழுப்பு, மெல்லியது, மடிப்புக் குலையாதது.
எந்தக் கடைப் பெண்ணும்
இவ்வளவு நேர்த்தியாகப் பொதிந்து நான் பார்த்ததில்லை.
பெயரட்டை மட்டும் இல்லை.

ஏழையும் கொடுத்தேன். கிறிஸ்துமஸ் முடிந்தது.
ஜனவரியில் டிர்க்கியை நெடுஞ்சாலையில் பிடித்தார்கள்.
நான் சொல்லவில்லை.
அன்றிரவு மேசையருகே சொல்லாமல் விட்டது
எந்தக் கணக்கில் சேரும், தெரியாது.
பார்க்கப் போனேன், ரொட்டியோடு.
மகளைப் பற்றிக் கேட்டான், மின்கட்டணம் பற்றிக் கேட்டான்,
எழுந்து போகும்போது,
"அது இருக்கா?"

அப்போது செத்ததுபோல் இருந்தது.
இருக்கு என்றேன்.

ஏப்ரல் கடைசியில் மழை,
தகரக் கூரையில் பத்து நிமிடம்.
காலையில் ஜன்னலோரம்
தாள் ஒரு முனையில் கிழிந்திருந்தது.
உள்ளே பச்சை, ஈரம் பட்டதுபோல் மினுக்கம்.
எண்ணினேன்: இரண்டு.
ஒன்றைத்தானே வைத்தான்.

திங்கட்கிழமை அவன் வழக்கு.
ஓக்ஹெய்ஸ் அம்மாள் டப்பாவை நீட்டிக்கொண்டு
தெருவைக் கடந்து வருகிறார், முகமெல்லாம் குற்றம்.
மீந்த பெயரட்டை ஒன்றை எடுத்து
பெறுநர் என்ற இடத்தில் மலை என்று எழுதிப் பார்க்கிறேன்.
அனுப்புநர் இடம் காலியாக இருக்கிறது.