எட்டு விநாடி மிச்சம்

பத்துக் கிலோமீட்டர்.
ஐம்பத்தொன்பது நிமிடம், ஐம்பத்திரண்டு விநாடி.
ஒரு மணி நேரத்துக்குள் ஓடிவிட வேண்டுமென்று
பதினான்கு மாதம் பட்ட பாட்டில்
எட்டு விநாடி மிச்சம்.

அந்த எட்டை என்ன செய்வதென்று
யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை.
பட்டறையில், முகம் தெரியாத ஒருவரின் வாய்க்கு
மேல்வரிசைப் பற்களை
மெழுகில் நட்டுக்கொண்டிருந்தேன்.
"அடுத்தது இருபத்தொன்றா, நெலிடா?" என்றான் வாஷிங்டன்,
அச்சு வார்க்கச் சாந்து குழைத்தபடி.
எங்கள் மான்டிவிடியோவில் அது சாதாரணப் பெயர்;
அவன் அப்பா லாரி ஓட்டினார்.
நட்ட பல் கோணிப்போனது.
பிடுங்கி மறுபடி நட்டேன்.
பதில் சொல்லவில்லை.

வீட்டில் ஃப்ரிட்ஜ் கதவில்
கட்டம் போட்ட தாள்.
செவ்வாய் ஆறு, வியாழன் எட்டு,
ஞாயிறு மெதுவாகப் பன்னிரண்டு.
கடைசிக் கட்டத்திலும் சிவப்பு மையில் டிக்.
அதற்குக் கீழே
வெறும் வெள்ளைக் கதவு.

பதக்கத்தை ஜன்னல் கொக்கியில் மாட்டினேன்.
தெற்குக் காற்று அடித்தபோதெல்லாம்
கண்ணாடியைத் தட்டித் தட்டி
ஏதோ கேட்டது.
இரண்டாம் இரவு எழுந்து
கரண்டிகளோடு போட்டு மூடினேன்.

மூன்று வாரம்.
காலணிகள் கதவோரம்
வாய் திறந்தபடியே கிடந்தன.
சோம்பல் என்றால் என்னையே திட்டியிருப்பேன்.
துக்கம் என்றால் அழுது தீர்த்திருப்பேன்.
இது, துணி தைத்து முடிந்த பிறகும்
நூல் கோத்தபடி நிற்கிற ஊசி.

வெள்ளிக்கிழமை காலை
ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்புகையில்
பேருந்து கிளம்பிவிட்டது.
ஓடினேன்.
ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார், நிறுத்தினார்,
கதவையும் திறந்து வைத்தார். நல்ல மனிதர்.
கால்கள்தாம் நிற்கவில்லை.
திறந்த கதவைத் தாண்டி,
அவருடைய திறந்த வாயைத் தாண்டி,
அடுத்த நிறுத்தம், அதற்கடுத்த விளக்கு,
ரொட்டி பையிலிருந்து தலை நீட்டி
வழி பார்த்துக்கொண்டே வர,
கரைச்சாலைக்கே வந்துவிட்டேன்.

மறுகரை தெரியாத ஆறு எங்களுடையது.
பாதிப் பேர் அதைக் கடல் என்போம்.
அன்றைக்குப் பழுப்பு நிறம்,
ஆறு என்று ஒத்துக்கொண்ட நாள்.

தடுப்புச் சுவரில் தூண்டில்காரர் வில்மார்.
இரண்டு வருடமாகக்
கை தூக்குவதோடு சரி, பேசியதில்லை.
பெயர்கூட அவர் வாளியில்
பெயின்ட்டால் எழுதியிருந்ததுதான்.
அன்று எழுந்து வந்து வழியை மறித்தார்.
"எங்கே போய்த் தொலைந்தாய்?
நீ கடக்கும்போதுதான்
நான் பிரஷர் மாத்திரை போடுவேன்.
மூன்று வாரமாய் எல்லாம் தாறுமாறு."
"கடிகாரம் இல்லையா உங்களிடம்?"
"இருக்கிறது. அதைப் பார்க்க மறந்துவிடும்.
உன்னைப் பார்க்காமல் இருக்க முடியாதே!
அந்த ஆரஞ்சுச் சட்டை.
இன்று சட்டை வேறு, ஆனால் மூச்சில் கண்டுபிடித்தேன்.
துறைமுகத்துக்குள்
பழைய கப்பல் ஒன்று நுழைகிற மாதிரி."

பதினான்கு மாதம்
மூக்கால் இழுத்து வாயால் விட்டு
நான் பழக்கிய மூச்சு அது.
விலா வலிக்கச் சிரித்தேன்.

ரொட்டியைப் பிய்த்துப் பாதி கொடுத்தேன்.
வாளியில் ஒரே ஒரு கொர்வினா மீன்,
செவுள் திறந்து, மூடி, திறந்து.
குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்,
எட்டு எண்ணுகிற நேரம் இருக்கலாம்,
கூடவும் இருக்கலாம்.

"சரி, ஒரு எட்டு
கலங்கரை விளக்கம்வரை போய் வருகிறேன்" என்றேன்.
"நாளைக்கு?" என்றார்.

நாளைக்கு ஆறே முக்கால்.
எதிர்க்காற்று என்றால் முன்னே பின்னே ஆகும்,
இப்போதே சொல்லிவிட்டேன்.
மாத்திரையை உள்ளங்கையில் வைத்திருங்கள்.
தண்ணீரை மட்டும்
நான் வளைவு திரும்பிய பிறகு ஊற்றுங்கள்.