2417

கல்முனையில் கறன்ட் போய் வந்த கையோடு
இயந்திரம் 2417ஐ மறுபடி வாசித்தது:
எண்பத்தொன்பது சதவீதம், புற்று.

நேற்று அதே கண்ணாடித் துண்டில்
'அழற்சி' என்று எழுதியவள் நான்.
வெற்றிலையில் வெந்த கன்னத்தின் துணுக்கு.
சுலைஹா உம்மா. சம்மாந்துறை. நாற்பத்தாறு.

பர்சானா திரையைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்தாள்.
'தலைவர்' என்று கதவில் இருக்கிறது
என் பெயருக்குக் கீழே.

உருப்பெருக்கியில் குனிந்தேன்.
ஒரு மூலையில், ஊதாக் கருக்கள்
வரம்பு உடைத்த வெள்ளமாய்
அடுத்த வயலுக்குள்.

என் வரியைக் குறுக்கே வெட்டினேன்.
அழிக்கவில்லை,
வெட்டியது தெரியட்டும்.
கையொப்பம், திகதி, நேரம்.

இயந்திரம் தொலைபேசி எடுக்காது.
நான் எடுத்தேன்.

"உம்மா வயலுக்க நிக்கிறா,
பொறகு எடுங்க" என்றது
ஒரு சின்னக் குரல்.