முந்நூற்று நான்கு

வருகைப் பதிவேட்டில் அறுபத்தொன்று வரை
அச்சடித்த பெயர்கள்.
அதற்கடியில் ஸ்கேல் வைத்து இழுத்த சிவப்புக் கோடு.
கோட்டுக்குக் கீழே பேனாவில் எழுதிய ஐந்து பேர்.
எண்கள் முந்நூற்று ஒன்றில் தொடங்கும்.
நான் முந்நூற்று நான்கு.
நடுவில் காணாமல் போன
இருநூற்று முப்பத்தொன்பது பேர் யாரென்று
முதல் வாரம் முழுக்க யோசித்தேன்.

பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம்.
இங்கே அதை ஒரு வருஷமாக எடுத்துக்கொண்டார்கள்.
லேட்டரல் என்ட்ரி என்றால் பக்கவாட்டு நுழைவு என்று
கவுன்சிலிங் வரிசையில் ஒரு தகப்பன்
மகனுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.
கூட்ட பஸ்ஸில் பின்படி வழியாக ஏறுவது
என்று எனக்குப் புரிந்தது.
ஏறிவிட்டால் டிக்கெட் எல்லோருக்கும் ஒன்றுதான்.

ஒன்றுதானா என்பது
கணக்கு வகுப்பில் தெரிந்தது.
"போன வருஷமே பாத்ததுதான்" என்று
பலகையை அழித்தார் செண்பகவல்லி மேடம்.
போன வருஷம் நான்
மணலியில் ஒரு பம்ப்பைக் கழற்றி
ஆயில் சீல் மாற்றிக்கொண்டிருந்தேன்.

லேத்தில், சக் சாவியை எடுக்காமல்
சுவிட்சைப் போடப் போனவனின்
மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினேன்.
தேங்க்ஸ் என்றான்.
அன்று மதியத்திலிருந்து நாங்கள்
ஒன்றாகச் சாப்பிட்டோம் என்று எழுதலாம்.
அவன் வேறு மேஜைக்குப் போனான்.
எனக்கும் நல்ல பசி.

கிளாடிஸுக்கு என்னைவிட
முப்பது ரேங்க் முன்னால்.
சான்றிதழ்களுக்குக்கூட என்னோடுதான் ஜெராக்ஸ் எடுத்தாள்.
மாதவரத்துக் கம்பெனி பதினாறாயிரம் என்றது.
அவள் வீட்டுக்கு அது
மூன்று வருஷம் கழித்து அல்ல,
அந்த மாசமே தேவைப்பட்டது.
தன் டிராஃப்டரை என்னிடம் கொடுத்தாள்.
பின்பக்கம் காம்பஸ் முனையால் கீறிய அவள் பெயர்.
என்னிடம் ஏற்கனவே ஒன்று இருந்தது.
சொல்லாமல் வாங்கிக்கொண்டேன்.

"எந்த ஊர்?"
சென்னை.
"சென்னைல எங்க?"
பீச் ஸ்டேஷன் பக்கம்.
பொய்யில்லை, எல்லாமே
ஏதோ ஒன்றின் பக்கம்தான்.
காலையில் மெட்ரோ சென்ட்ரலைத் தாண்டி
கூவத்துக்கு அடியில் போகும்போது
காது ஒரு நொடி அடைக்கும்.
திறக்கும்போது நான் பீச் ஸ்டேஷன் பக்கம்.

இன்டர்னல் தேர்வன்று
கேட் போட்டுவிட்டார்கள்.
ரயில் வருமுன்னே பாதித் தெரு குனிந்து அந்தப் பக்கம் போனது,
பைக்கைச் சாய்த்து ஒருவர்,
மீன் கூடையை முதலில் தள்ளிவிட்டு ஒரு அம்மா.
நானும் போயிருப்பேன்.
தோளில் கிளாடிஸின் டிராஃப்டர் நீட்டிக்கொண்டிருந்தது.
எண்ணூர்ப் பக்கம் நிலக்கரிக்குப் போகும் காலி வேகன்கள்.
நாற்பத்தொன்று வரை எண்ணினேன்.
பிறகு ஒரு தண்ணீர் லாரி வந்து மறைத்துக்கொண்டது.

"ஏன் லேட்?"
"கேட் போட்டுட்டாங்க சார்."
"நம்ம கேட்டா? தொறந்துதானே இருக்கு."
"அதில்ல சார்,
கொருக்குப்பேட்டை கேட்."

அறுபது தலைகள் நிமிர்ந்தனவா என்று
நான் பார்க்கவில்லை.
கடைசி பெஞ்சில் முந்நூற்று இரண்டு
சத்தமாகச் சிரித்துவிட்டான்.
அவனுக்கு மூலக்கொத்தளம்.
வேப்பேரி என்றுதான் இதுவரை சொல்லி வந்தான்.
நாற்பது நிமிஷம் நின்ற கேட்டெல்லாம்
அந்தச் சிரிப்பில் இருந்தது.

சார் கடிகாரத்தைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
"கொருக்குப்பேட்டைலேர்ந்தா டெய்லி வர்ற" என்றார்.
கேள்வியா என்று தெரியாததால்
பதில் சொல்லவில்லை.
வினாத்தாளை நீட்டினார்.

பெயர். பதிவெண்.
முதல் கேள்வி, போன வருஷம் பார்த்தது.
அதை விட்டுவிட்டு
இரண்டாவதை எழுதத் தொடங்கினேன்.