செத்துக் காட்டுதல்

பதினொரு படங்களில் செத்தான் க்ளியோட்டிஸ் மேப்ரி.
எண்ணியவன் நான்.
முப்பத்தொன்பது வருஷம் அவனுக்குப் பின்னால் நின்று
பேஸ் கித்தார் வாசித்தவன்;
எண்ணுவதுதானே என் வேலை.

முதலில் பாட்டுதான் இருந்தது.
மெம்ஃபிஸில் மூடிப்போன ஒரு செருப்புக்கடை,
சுவரெல்லாம் முட்டை அட்டை,
ஜூலை வெக்கையில் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்தோம்,
அதன் இரைச்சல் நாடாவில் ஏறிவிடும் என்று.
மூன்றாம் முறை பாடுகையில் அவன் குரல் ஓரிடத்தில் கிழிந்தது.
இன்னொரு தடவை போகலாம் என்றான்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரும் தலையாட்டவில்லை.
அந்தக் கிழிசலைத்தான் ஊர் வாங்கியது.
அலபாமா வரைக்கும் ஒவ்வொரு முடிதிருத்தகத்திலும்
ஒரு கோடை முழுக்க
அந்தக் கிழிசல் ஓடியது.

பணமா?
பழுப்பு நிறக் காடிலாக் ஒன்று வந்தது,
தவணை கம்பெனியின் பெயரில்.
பிறகு காடிலாக்கும் கம்பெனியும்
ஒரே வாரத்தில் போயின.

அப்போதுதான் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஒருவன் வந்தான்.
பாட்டைக் கேட்கவில்லை.
ஆளை நிமிர்ந்து பார்த்தான், ஆறடி மூன்றங்குலம்.
"சாகத் தெரியுமா?" என்றான்.

முதல் சாவு மாடிப்படியில்.
இரண்டாவது பில்லியர்ட்ஸ் மேஜைமேல்.
மூன்றாவதில் காரின் டிக்கிக்குள் வைத்து மூடினார்கள்,
மூடியதை மறந்து சாப்பிடப் போனார்கள்.
உள்ளிருந்து பாடினானாம்,
அப்படித்தான் கண்டுபிடித்தார்களாம்.
அவன் சொன்னது. பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள்.

வசனம் கிடையாது.
விழ எத்தனை எண்ணிக்கை என்று மட்டும் கேட்பான்.
நான்கு என்றால் நான்கு:
இரண்டில் முழங்கால், நான்கில் தோள்.
குண்டு எங்கே பட்டாலும் தாளத்தில்தான் விழுவான்.
ஒரே குறை,
விழுந்த பிறகும் இடது பாதம் நிற்காது.
சட்டையெல்லாம் சிவப்புச் சாயம்,
கண் நிலைகுத்தியிருக்கும்,
பாதம் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருக்கும்.
"பிணமே, காலை அடக்கு!"
ஒலிபெருக்கியில் கத்திப் பார்த்து ஓய்ந்தார்கள்.
அதன்பின் அவன் எல்லாப் படங்களிலும்
இடுப்புக்கு மேலே மட்டுமே செத்தான்.

வான்சீல் ஒன்றுக்கும் போகவில்லை.
கட்டிய புருஷன் சாவதைக் காசு கொடுத்துப் பார்ப்பாளா?
ஆனால் ஒரே ஒரு தொலைக்காட்சித் தொடரில்
தபால்காரனாக வந்தான்.
மணியடித்தான்,
"இங்கே ஒரு கையெழுத்து, அம்மா" என்றான்,
படியிறங்கி உயிரோடு போனான்.
அன்றைக்குத் தெருவையே கூட்டிவைத்துக்
கோழி பொரித்துப் போட்டாள்.

கேரி நகரில் ஒரு சனிக்கிழமை.
எஃகு ஆலையில் ஷிப்ட் முடித்து வந்த கூட்டம்.
பழைய பாட்டை எடுத்திருந்தோம்,
கிழிசல் வருகிற இடம் நெருங்குகிறது,
பின்வரிசையிலிருந்து ஒருவன்:
"பாட்டு போதும் மேப்ரி, செத்துக் காட்டு!"
சிரிப்பு.
ஹோசியா டிரம் குச்சியைத் தூக்கியபடி என்னைப் பார்த்தான்.
நான் யாரைப் பார்ப்பது?

க்ளியோட்டிஸ் விழுந்தான்.
இரண்டில் முழங்கால். நான்கில் தோள்.
கைதட்டல் எழுந்தது, நீண்டது, தயங்கியது.
அவன் எழவில்லை.
அறுபத்தொரு வயது.
நான் பாதத்தைப் பார்த்தேன்,
தட்டிக்கொண்டிருந்தது,
வாசிப்பை நிறுத்தவில்லை நான்.
படுத்தவாக்கில் மைக்கை வாயருகே இழுத்து
மிச்சச் சரணத்தை உத்தரத்துக்குப் பாடினான்.
கிழிய வேண்டிய இடத்தில் கிழிந்தது.
கத்தியவன் அதற்குள்
இன்னொரு பீர் வாங்கப் போயிருந்தான்.

போன மார்ச்சில் நிஜமாகவே.
தூக்கத்தில், கேமரா இல்லாமல்.
எங்கள் பக்கம் சவப்பெட்டி மூடி இரண்டு பாதி.
மேல்பாதியைத் திறந்து வைத்திருந்தார்கள்,
சாம்பல்நிறக் கோட்டு, கோத்த கைகள்,
மீசையை யாரோ சரியாக ஒதுக்கவில்லை.
கீழ்ப்பாதி மூடியிருந்தது.

வரிசை பின்னாலிருந்து நெருக்கியது.
நான்கு எண்ணும்வரை நின்றேன்.
பிறகு
இன்னொரு நான்கு.