தெரியாத எழுத்து

கேமரா படிக்கத் தவறியதைப்
படிப்பது என் வேலை.
பனி அப்பிய எண்பலகை,
சைக்கிள் தாங்கி மறைத்த எண்பலகை,
ஒருமுறை, கறுப்பு டேப் ஒட்டி
மூன்றை எட்டாக்கிய எண்பலகை.
அவர் ஒரு பல்மருத்துவர்.

ஸ்டாக்ஹோமுக்குள் நுழையக் காசு.
வெளியேறவும் காசு.
காலை ஏழரைக்கு ஒரு விலை, பத்து மணிக்கு ஒரு விலை,
மாலை ஆறரை அடித்தால் சும்மா.

அதனால் ஆறு இருபதிலிருந்தே
பாலத்துக்கு இந்தப் பக்கம்
நல்ல நேரம் பிறக்கக் காத்திருப்பவைபோல்
வண்டிகள் ஓரங்கட்டி நிற்கும்.
அவற்றில் ஒரு நீல வேன்,
முன்மூடியில் வாளி ஸ்டிக்கர்.
நஹ்ரீனுடையது.
சோடர்டேலியேவிலிருந்து வருகிறாள்,
ஆட்கள் போனபின் அலுவலகங்களைத் துடைக்க.
எங்கள் மாடியும் அவள் கணக்கில்தான்.

நான் குடியிருப்பது ஹோர்ன்ஸ்காத்தனில், இரண்டாம் மாடி.
முன்பு ஜன்னல் விளிம்பில்
விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு கரி.
இப்போது திறந்துவைத்துத் தூங்குகிறோம்.
சிக்ஸ்டனின் இன்ஹேலர்
காலாவதித் தேதி தாண்டியும்
பாதி தீராமல் இழுப்பறையில் கிடக்கிறது.
பொய் சொல்லமாட்டேன்,
எனக்கு இந்த வரி பிடிக்கும்.
எனக்குக் கார் இல்லை
என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒருநாள் துடைப்பத்தைப் பிழிந்தபடி நஹ்ரீன் சொன்னாள்:
"நீங்க காத்து வாங்குறீங்க,
காசு நான் குடுக்கிறேன்."
சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.
முன்பெல்லாம் அந்தப் பாலம்
ஐம்பது நிமிடத்தைத் தின்னுமாம்,
இப்போது பன்னிரண்டுதானாம்,
மிச்ச நேரத்தில் இன்னொரு அலுவலகம் பிடித்திருக்கிறாளாம்.
அதையும் அவளேதான் சொன்னாள்,
குப்பைப் பையை முடிந்துகொண்டே.
அந்த அலுவலகத்துக்காரர்
ஏழு மணிக்குள் முடிக்கச் சொல்கிறாராம்.

இன்று பிப்ரவரிப் பனி.
திரையில் ஒரு படம்.
மணி ஆறு இருபத்தேழு.
நீல வேன். ஸ்டிக்கரில் பாதி வாளி.
மூன்று எண்களும் பளிச்.
எழுத்துகளில் இரண்டு பளிச்.
நடு எழுத்தின்மேல்
கைக்குட்டை மடித்து வைத்ததுபோல் பனி.

மூன்று நிமிடம் பொறுத்திருக்கலாம் அவள்.
பொறுக்கவிடாமல் யாரோ
போன் அடித்திருக்கலாம்.

விதி சுருக்கமானது:
தெரிந்தால் நிரப்பு,
தெரியாவிட்டால் தள்ளு.

எனக்குத் தெரியும்.
படத்தில் தெரியவில்லை.

படத்தைப் பெரிதாக்கினேன்.
பனிதான் பெரிதானது.

பின்னால் சக்கர வாளி உருளும் சத்தம்,
எலுமிச்சை வாசனை.
"கொஞ்சம் காலைத் தூக்குங்க."
தூக்கினேன்.
நாற்காலிக்கு அடியில் ஈரம் போய்வந்தது.
வெற்றுக் கட்டத்தில்
கர்சர் கண்ணடித்துக்கொண்டிருந்தது.