மூன்றாம் அறை வாஷ்பேசின்

இரவு பதினொன்றரைக்குக் கதவைத் தட்டியவர்
மூன்றாம் அறைக்காரர். கல்யாணமாகி ஒன்பது நாள்.
வெறும் விரலைத்தான் முதலில் காட்டினார்.
"கை கழுவும்போது உள்ள போயிடுச்சுங்க."

ப்ளம்பர் சவரிநாதன் இருப்பது அடிவாரத்தில்.
"ஏற்காட்டுப் பனியில இருபது கொண்டை ஊசியா?
விடியட்டும்" என்று போனை வைத்தார்.
கரண்டும் இல்லை.

பக்கெட்டை அடியில் வைத்து
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
குழாய் வளைவைத் திருகினேன்.
மூன்று சீசன் முடி,
கிழிந்த ஷாம்பு பாக்கெட்,
ஏதோ குழந்தையின் பால்பல்,
அப்புறம் டங்கென்று ஒரு மோதிரம்.

துடைத்துப் பார்த்தார். "என்னுது இல்லைங்களே."
உட்புறம் 'எழில்' என்று பொறித்திருந்தது.
அவர் மனைவி பெயர் சுகுணா.
கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

சத்தியம் செய்தேன், இது பழைய ஆள் யாருடையதோ என்று.
அவள் நம்பவில்லை.
மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்
நாலு வருஷ ரிஜிஸ்டரைச் சேர்ந்து புரட்டினோம்,
நானும் சுகுணாவும்.
எழில் என்று யாரும் தங்கியதில்லை.
மோதிரம் காணோமென்று ஒரு போன்கூட வந்ததில்லை.
"தேடவே இல்லையா?" என்றாள், இப்போது வேறு குரலில்.

அவருடையது காலையில் சோப்பு டப்பாவில் ஒட்டியிருந்தது.
பத்து மணிக்கு வந்த சவரிநாதன்
மலையேறிய கூலி முன்னூறு வாங்கிக்கொண்டு இறங்கினார்.